குளியலறை ஹீட்டர்: மாட்டுவதும் இயக்குவதும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் மின் உலைகள் ஷிப்ட் மாறி ஷிப்ட் ஓடுகின்றன. உலையைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள், எர்த் குழியைச் சோதிக்கத் தனி ஆள், எதையும் தொடுவதற்கு முன் மெயினை இறக்கிப் பூட்ட ஒரு நடைமுறை என்று அங்கே எல்லாம் உண்டு. அதே தொழிலாளி ஷிப்ட் முடிந்து ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்து, தன் வீட்டுக் குளியலறையில் ஈரக் கையோடு ஹீட்டர் ஸ்விட்சைப் போடுகிறார். அதுவும் சின்ன மின் உலைதான். இரும்புக்குப் பதில் தண்ணீர் சூடாகிறது, மனிதர் ஈர உடம்போடு அதன் கீழேயே நிற்கிறார். அதைக் கவனிக்கத் தனி ஆள் கிடையாது. வீட்டுக்காரரான நீங்கள்தான் அந்த ஆள்.

கடையில் ஹீட்டர் வாங்கும்போது எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், எத்தனை வருட வாரண்டி என்று அரைமணி நேரம் விசாரிக்கிறோம். அதை மாட்டும்போது எந்த வயர், எந்த பைப், எந்த வால்வு என்று கேட்பதில்லை. ஹீட்டரால் வரும் விபத்துகளில் பெரும்பாலானவை இந்த இணைப்புகளில்தான் தொடங்குகின்றன. அதனால் இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

முதலில் அந்த வாட்டர் ராடு

நம் பக்கத்தில் இன்னமும் பல வீடுகளில் வெந்நீர் என்றால் பக்கெட்டில் மாட்டும் ராடுதான். விலை குறைவு, கார்த்திகை மார்கழி இரண்டு மாதம் ஓடினால் போதும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராடின் உறையில் ஒரு விரிசல் விழுந்தால் பக்கெட் தண்ணீர் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். பிளாஸ்டிக் பக்கெட் என்பதால் வெளியே எதுவும் தெரியாது. சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். ராடுதான் வைத்திருக்கிறீர்கள் என்றால், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 368 என்ற எண்ணும் உள்ள மூன்று பின் ராடு மட்டும் வாங்குங்கள். ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். ராடு ஓடும்போது குழந்தைகள் இருக்கும் இடத்தில் பக்கெட் இருக்கக் கூடாது. இரண்டு பின் ராடு வீட்டில் கிடந்தால் இன்றைக்கே வெட்டி எறியுங்கள்.

எது வாங்கலாம்

சுவரில் மாட்டும் ஹீட்டர் இரண்டு வகை. 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வகை 3,000 வாட் இழுக்கும், குழாயைத் திறந்ததும் சூடு வரும். 10, 15, 25 லிட்டர் ஸ்டோரேஜ் வகை பெரும்பாலும் 2,000 வாட், கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். வோல்டேஜ் இறங்கும் ஊர்ப்புறத்துக்கு ஸ்டோரேஜ் வகைதான் என் தேர்வு.

காரணம் எளிது. 230 வோல்ட்டில் 3,000 வாட் தரும் இன்ஸ்டன்ட் ஹீட்டர், தண்ணீரை 15 டிகிரி உயர்த்த வேண்டுமென்றால் நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தர முடியும். 20 லிட்டர் பக்கெட் நிறைய ஏழு நிமிடம். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அதன் வலு 1,840 வாட்டுக்குச் சரிந்துவிடும். அதே பக்கெட்டுக்குப் பதினொரு நிமிடம் ஆகும், இல்லையென்றால் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஸ்டோரேஜ் ஹீட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும். முழு வோல்டேஜில் அரை மணி நேரம், 180 வோல்ட்டில் ஐம்பது நிமிடம். தாமதம் ஆகுமே தவிர சூடு குறையாது. குறைந்த வோல்டேஜால் காயிலுக்கும் கெடுதல் இல்லை. ஆகவே ஹீட்டருக்கென்று ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லும் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பணம், மின்சாரம் கசிந்தால் லைனை அறுக்கும் ஆர்.சி.சி.பி.க்கு ஆகும்.

நான்கு பேர் வீட்டுக்கு 15 லிட்டர் போதும், தொடர்ந்து குளித்தால் 25. இங்கே குளிருக்கு யாரும் 60 டிகிரியில் குளிப்பதில்லை. 28 டிகிரி தண்ணீரைக் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 25 லிட்டர் வெந்நீர் 66 லிட்டர் வரை ஆகும் என்று கணக்கு சொல்கிறது. டேங்குக்குள்ளேயே பச்சைத் தண்ணீர் கலப்பதால் நடைமுறையில் இரண்டரை பக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 2082 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் மட்டுமல்லாமல் ஹீட்டரின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டிலும் பாருங்கள்.

மின் இணைப்பு

இந்த வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹீட்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வர வேண்டும். ஃபேன், லைட் லைனிலிருந்து ஒரு துண்டு இழுத்துக் கொடுப்பது இங்கே மிகவும் சகஜம். 2,000 வாட் என்றால் தொடர்ந்து 8.7 ஆம்பியர். 1 ச.மி.மீ. வயரில் அது ஓடினால் வயரைவிட முதலில் கெடுவது இணைப்புகள்தான். செம்பு வயர், 2.5 ச.மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். 3,000 வாட் ஹீட்டருக்கோ நீளமான லைனுக்கோ 4 ச.மி.மீ. போடலாம். அந்த லைனுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்கள். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, பேஸ் நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் சுவிட்சாக இருக்கட்டும். பழைய வீடுகளில் பேஸும் நியூட்ரலும் எங்கோ மாறியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படி மாறியிருந்தால், சாதாரண சுவிட்சை அணைத்தாலும் காயிலில் கரன்ட் நிற்கும்.

பவர் ப்ளக் வழியாகத்தான் இணைப்பு என்றால், மாதம் ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கி அதன் பின்களைப் பாருங்கள். புதுப் பித்தளை போல் மஞ்சளாக இருந்தால் நல்லது. ஒரு பின்னின் அடியில் பழுப்பு வளையம் விழுந்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் லேசாக உப்பியிருந்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்துவிட்டது என்று பொருள். கருகிய வாசனை வரும்வரை காத்திருக்காமல் சாக்கெட், ப்ளக் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும்.

எர்த்துக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இருபது வருடத்துக்கு முன்பு குளியலறைக் குழாய்கள் இரும்பு. அவை மண்ணுக்குள் போனதால் கொஞ்சம் கசிவு மின்சாரம் அந்த வழியாகவே போய்விடும். இன்றைக்கு எல்லாம் பிளாஸ்டிக் பைப். காயில் கசிந்தால் ஹீட்டரின் உடம்பிலும் தண்ணீரிலும் ஏறும் கரன்ட், எர்த் வயர் இல்லையென்றால், ஈரத் தரையில் நிற்பவரின் உடல் வழியாகத்தான் தரையிறங்க முடியும்.

எர்த் வயர் இருந்தால் மட்டும் போதுமா? பல வீடுகளில் போர்டு வரை பச்சை வயர் இருக்கும், போர்டுக்குப் பின்னால் அது எங்கேயும் போகாது. சில வீடுகளில் குழி இருக்கும், ஆனால் ஆரணி ஆற்றங்கரை மணல் பூமியில் சித்திரை வைகாசியில் குழி சுண்டிப்போய்க் கிடக்கும். காய்ந்த மணலில் எர்த் வேலை செய்யாது. 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பை, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, துணி துவைக்கும் கல்லில் இருந்து தண்ணீர் ஓடும் பக்கமாக இறக்குவது நல்லது. கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் வேலை செய்கிறதா என்று அறிய வயர்மேனிடம் டெஸ்ட் லேம்ப் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வைத்தால் எவ்வளவு பிரகாசமாக எரிகிறதோ, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்தாலும் அதே அளவு எரிய வேண்டும். மங்கினால் எர்த் சரியில்லை. டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள், அதற்கு அவ்வளவு தெரியாது. ஆர்.சி.சி.பி. இருக்கும் லைனில் இந்தப் பல்பை வைத்தவுடனே டிரிப் ஆகும். ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறது, எர்த் எங்கோ தொடர்பில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதற்கு மேல் அளவு தெரிய வேண்டுமென்றால் எர்த் மெக்கர் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நல்ல எர்த் இருந்தாலும் எம்.சி.பி. மட்டும் உங்களைக் காப்பாற்றாது. வீட்டு எர்த்தின் தடை 10 ஓம் என்று வையுங்கள், அது மோசமான அளவு இல்லை. காயில் முழுவதுமாகக் கசிந்தால் 230 வோல்ட்டில் 23 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைப் பல நிமிடங்கள் பொறுத்துக்கொள்ளும். அத்தனை நேரமும் ஹீட்டரின் உடம்பில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அப்படியில்லை. போகும் கரன்டுக்கும் திரும்பும் கரன்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அறுத்துவிடும், கசிவு பெரிதானால் இன்னும் வேகமாக. கடையில் 30, 100, 300 என்று மூன்று அளவு கிடைக்கும். உயிர் காக்க 30தான். 100, 300 இரண்டும் தீ விபத்தைத் தடுப்பதற்கானவை.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றுங்கள். ஹீட்டர் போட்டாலே டிரிப் ஆகிறது என்று சிலர் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடுகிறார்கள். அந்த டிரிப்தான் காயில் விரிசல் விட்டுவிட்டது என்று உங்களுக்கு வந்த முதல் தகவல். அதை அறுத்துவிட்டால் இரண்டாவது தகவல் ஷாக்காகத்தான் வரும்.

இன்வெர்ட்டர் லைனில் ஹீட்டரைச் சேர்க்காதீர்கள்.

தண்ணீர் இணைப்பு

25 லிட்டர் ஹீட்டர் தண்ணீரோடு 35 கிலோவைத் தாண்டும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டுங்கள். ஹாலோ பிளாக், இலேசான ஏ.ஏ.சி. பிளாக் சுவர் என்றால் அதற்கென்று உள்ள ஃபாஸ்டனர் கேளுங்கள், சாதாரண பிளக் தாங்காது. ஷவருக்கு நேர் மேலே மாட்ட வேண்டாம்.

நீல வளையம் உள்ளது பச்சைத் தண்ணீர் வருவது, சிவப்பு வெந்நீர் போவது. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஹீட்டர் ஓடும், ஆனால் அரை பக்கெட்டுக்குள் ஆறிப்போகும். வெந்நீர்ப் பக்கம் க்ரீம் நிற சி.பி.வி.சி. பைப் மட்டுமே. வெள்ளை யு.பி.வி.சி. பைப் 45 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். மாட்டிய அன்றைக்கு ஒழுகாது, ஒரு வருடத்தில் எல்போவில் பிரியும். சி.பி.வி.சி.க்கு அதற்கான சொல்யூஷன் வேறு. ப்ளம்பர் ஒரே டப்பாவை இரண்டுக்கும் பூசினால் தடுங்கள். ஹீட்டரோடு சேரும் இடத்தில் பித்தளை த்ரெட் அடாப்டர் இருக்கட்டும்.

சேஃப்டி வால்வு என்றோ மல்டி ஃபங்ஷன் வால்வு என்றோ ஒரு சின்னப் பித்தளைப் பொருள் பெட்டிக்குள் வரும். பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில் அதை மாட்ட வேண்டும். அது இரண்டு வேலை செய்கிறது. அழுத்தம் எல்லை தாண்டினால் (பெரும்பாலும் 8 பார்) தண்ணீரை வெளியே விடும். அடுத்தது, ஹீட்டரில் உள்ள தண்ணீரைத் திரும்பி ஓடவிடாது. மாடி டேங்க் காலியாகி, கீழ் வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால், வால்வு இல்லாத ஹீட்டரின் தண்ணீரும் உறிஞ்சப்பட்டு இறங்கிவிடும். உள்ளே தண்ணீர் இல்லாமல் காயில் எரியும்.

இந்த வால்வின் ஓரத்தில் ஒரு சின்னத் துவாரம் உண்டு, அதில் தண்ணீர் சொட்டும். "சார், சொட்டுது, எம்-சீல் போட்டு அடைச்சிடவா?" என்று ப்ளம்பர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 350 மில்லி லிட்டர் கூடுகிறது. அந்த ஒன்றரை டம்ளர் தண்ணீருக்குப் போக இடம் வேண்டும். திரும்பிப் போக வழி அடைபட்டிருப்பதால் துவாரம் வழியாகச் சொட்டுகிறது. ஹீட்டர் ஓடும்போது சொட்டினால் அது ஒழுங்காக வேலை செய்கிறது. துவாரத்தில் மெல்லிய டியூப் மாட்டி, தரையில் தண்ணீர் வடியும் இடத்துக்கு விட்டுவிடுங்கள். அடைத்துவிட்டால், தெர்மோஸ்டாட் கெடும் அன்றைக்கு டேங்கே வெடிக்கலாம். ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் நாள் முழுக்க ஒழுகினால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.

மாடி டேங்க் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான், எந்த ஹீட்டரும் தாங்கும். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் மட்டும் ஹீட்டர் தகட்டில் எத்தனை பார் என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் முறை போடும்போது

சுவிட்சுக்குக் கை போவதற்கு முன் வெந்நீர்க் குழாயைத் திறங்கள். முதலில் காற்று சீறும், பிறகு விட்டுவிட்டுத் தண்ணீர் துப்பும், கடைசியில் ஒரே சீராக வரும். சீராக வந்த பிறகும் ஒரு நிமிடம் ஓடவிட்டு மூடுங்கள். எல்லா இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் கழித்துத் தடவிப் பாருங்கள். ஈரமில்லை என்றால் சுவிட்சைப் போடலாம். தண்ணீர் இல்லாமல் போட்டால் காயில் சில நிமிடங்களில் போய்விடும், அதற்கு வாரண்டியும் கிடையாது. மாடி டேங்க் கழுவிய நாளிலும், மோட்டார் கெட்டு டேங்க் காலியான நாளிலும் இதே வரிசை.

தெர்மோஸ்டாட்டை 60ல் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் உப்பு வேகமாகப் படியும், குழந்தைகளுக்குச் சூடுபடும். வெகு நாள் வெதுவெதுப்பில் நிற்கும் தண்ணீரில் கிருமி வளர்வதால் அதற்கு ரொம்பவும் கீழேயும் வேண்டாம்.

தினமும்: போடு, சூடாகட்டும், அணை, பிறகு குளி. ஸ்டோரேஜ் ஹீட்டரின் பெரிய நன்மையே இதுதான். குளிக்கும்போது அதில் கரன்ட் இருக்க வேண்டியதில்லை. இன்ஸ்டன்ட் ஹீட்டரில் இது முடியாது. ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டிலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். 'தானே கட் ஆகிவிடும்' என்று காலை முதல் இரவு வரை விட்டுவைத்தால், ஆறும் சூட்டை நிரப்பவே மறுபடி மறுபடி ஓடும்.

ஈ.பி. பில்லைப் பற்றி ஒரு கணக்கு. 15 லிட்டரை ஒருமுறை சூடாக்க 0.6 யூனிட். காலையில் இரண்டு முறை என்றால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் முக்கால் பங்கு ஹீட்டருக்கே போகும். உங்கள் வீடு 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் விலை கூடுகிறது. மார்ச் முதல் ஹீட்டரை மறந்துவிடலாம். அக்னி நட்சத்திரத்தில் கறுப்பு டேங்க் தண்ணீரே கை சுடும்.

உப்புத் தண்ணீர்

1996 முதல் ஊத்துக்கோட்டையை ஒட்டிய தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட் வழியாகக் கிருஷ்ணா நீர் பூண்டி ஏரிக்குப் போகிறது. ஆனால் இங்கே பல வீட்டு மாடி டேங்கில் ஏறுவது போர் தண்ணீர்தான். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை குடிநீருக்கு ஏற்றது, வேறு வழியில்லாதபோது 600 வரை என்பது ஐ.எஸ். 10500 சொல்லும் அளவு. சோப்பு நுரைக்காத, குழாய் வாயில் வெள்ளை பூக்கும் தண்ணீர் என்றால் உங்கள் ஹீட்டரின் ஆயுள் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து காயிலின் மேல் அப்பும். இரண்டு வருடம் திறக்காத ஹீட்டரின் அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். செம்புக் காயில் தெரியாது, பவழம் மாதிரி வெள்ளைக் கட்டிதான் தெரியும், தட்டினால் ஓடு ஓடாக உதிரும். அந்த ஓட்டுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் காயில் வெந்து வெடிக்கிறது. கசிவும் ஷாக்கும் அங்கே ஆரம்பிக்கின்றன. சூடாகும்போது ஹீட்டருக்குள் கடகடவென்று சத்தம் வந்தால் உப்பு ஏறிவிட்டது.

வருடம் ஒருமுறை, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன், மெயினை இறக்கி, தண்ணீரை வடித்து, சர்வீஸ் ஆளை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். காயிலை, லிட்டருக்கு 50 கிராம் லெமன் சால்ட் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டால் உப்பு கரையும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கிட்டே கொண்டுவராதீர்கள், உப்போடு உலோகத்தையும் தின்றுவிடும். உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் அதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். டேங்கோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. மூடும்போது பழைய ரப்பர் வாஷரை மறுபடி போடவிடாதீர்கள்.

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால்

சோலாரில் இருந்து வரும் வெந்நீரை நேராக மின் ஹீட்டரின் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் கொடுத்து, மேகமூட்டமான நாளில் மட்டும் மின்சாரம் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் வெயில் நாளில் சோலார் டேங்க் 70, 80 டிகிரி வரை போகும். உங்கள் ஹீட்டர் எந்தச் சூட்டுத் தண்ணீரை ஏற்கும் என்று அதன் புத்தகத்தில் பார்த்து, சோலாரிலிருந்து வரும் பைப் முழுவதும் சி.பி.வி.சி. அல்லது ஜி.ஐ. ஆக இருந்தால் மட்டும் இணையுங்கள். சோலார் டேங்கில் உள்ள காற்றுப் போக்கியை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

என்ன ஆனால் என்ன செய்வது

சிவப்பு விளக்கே எரியவில்லை என்றால் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., ப்ளக் இந்த வரிசையில் பாருங்கள். விளக்கு எரிந்தும் சூடு இல்லை என்றால் காயிலோ தெர்மல் கட்அவுட்டோ போயிருக்கும். கட்அவுட் பட்டனை ஒருமுறை அழுத்தலாம். மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறது, திரும்பத் திரும்ப அழுத்தி ஓட்டாதீர்கள். குழாயைத் தொடும்போது லேசாகச் 'சுர்' என்றால், அது ஈரத்தால் வரும் உணர்வு என்று யாரும் உங்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

யாராவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். மெயின் எட்டாத இடத்தில் இருந்தால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். பிறகு 108. மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டேங்கின் உடம்பிலிருந்தே தண்ணீர் கசிந்தால் பற்றவைத்து ஒப்பேற்ற முடியாது, ஹீட்டரை மாற்ற வேண்டியதுதான். புது ஹீட்டர் வந்தவுடன் பழைய வால்வையும் பழைய ஹோஸையும் அப்படியே மாட்டிவிட்டுப் போக ப்ளம்பரை விடாதீர்கள். பெட்டியில் வந்த புதியதை மாட்டச் சொல்லுங்கள், எர்த்தை மறுபடி டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்.